குழந்தை உள்ளமே!

(பட்டிமன்றத் தலைப்பு: இறைஞானத்தைத் தருவது கற்ற அறிவா? குழந்தை உள்ளமா?)

அன்பும் பண்பும் நிறைந்த நடுவர் அவர்களே! எதிரணியிலே அறிவுக்கொடி பிடித்து அமர்ந்திருக்கிற நண்பர்களே! என் அணித் தோழர்களே! உப்புக்காற்றிலே, மடியிலே பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கிற தூத்துக்குடிப் பெருமக்களே! வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற தாய்மார்களே!

எதிரணித் தலைவர் பேசினார். என்ன பேச்சு! அகுஸ்தினார், தோமா அக்குவினார்னு பெரிய பெரிய பேரா அடுக்கினார். அடுக்கிவிட்டு நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "மூக்கு ஒழுகினா துடைக்கத் தெரியாத பிள்ளைக்கு முழுமுதற் கடவுளைத் தெரியுமாய்யா?" நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். நல்லா இருந்தது, ஏன் தட்டக்கூடாது?

ஆனா ஐயா, அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு தெரியும். தனக்குத் தெரியாதுன்னு தெரியும். அதனாலேதான் நாள் முழுக்கக் கேட்டுக்கிட்டே இருக்குது. "அப்பா, கடல் ஏன் உப்பா இருக்கு? அப்பா, நிலா ஏன் கூடவே வருது? அப்பா, சாமி எங்கே தூங்கும்?" அப்பா என்ன சொல்றார்? "போய் அம்மாகிட்ட கேளு." (சிரிப்பு) அவருக்கும் தெரியாது. ஆனா 'தெரியாது'ங்கிற அந்த ஒரு சொல் வாயிலே வராது. படித்தவங்க நிலைமை இன்னும் மோசம். நான் முனைவர் பட்டம் வாங்கினவன். எங்க வட்டாரத்திலே யாரும் 'தெரியாது'ன்னு சொல்லவே மாட்டோம். "அது ஆய்வுக்குரியது" அப்படின்னு சொல்லுவோம். (கைதட்டல்)

நடுவர் அவர்களே! எங்கள் அணி அறிவுக்கு எதிரி இல்லை. பள்ளிக்கூடத்தை மூடுங்கள், புத்தகத்தை எரியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அறிவு இறைவனிடம் போய்ச் சேரவேண்டுமானால், அதைக் கைபிடித்து அழைத்துப் போக ஒரு குழந்தை உள்ளம் வேண்டும் என்கிறோம்.

எதிரணியிலே பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். இந்த மேடையிலே இதுவரைக்கும் வந்த கேள்விகளிலேயே கனமான கேள்வி அதுதான். "பணிவு, பணிவு என்று சொல்லித்தானே ஏழையை அடக்கினீர்கள்? பணிவு என்று சொல்லித்தானே பெண்ணைப் பேசவிடாமல் உட்காரவைத்தீர்கள்? இப்போது அந்தப் பணிவையே ஞானத்துக்கு வழி என்கிறீர்களா?" நியாயமான கோபம் அம்மா. அதற்குப் பதில் சொல்லாமல் நான் ஓர் அடி நகர மாட்டேன்.

நற்செய்தியிலே இயேசு பெருமான் ஒரு குழந்தையை அழைத்து நடுவிலே நிறுத்துகிறார். இந்தப் பிள்ளையைப் போல் தன்னைத் தாழ்த்துகிறவன்தான் விண்ணரசிலே பெரியவன் என்கிற பொருளிலே பேசுகிறார். அதை யாரிடம் சொன்னார் என்று பாருங்கள். வயலிலே குனிந்து கிடந்த கூலிக்காரனிடமா? வீட்டுக்குள்ளே ஒடுங்கிக் கிடந்த பெண்ணிடமா? இல்லை. நமக்குள்ளே யார் பெரியவன் என்று கேட்டுக்கொண்டு வந்தார்களே சீடர்கள், அவர்களிடம் சொன்னார். நாற்காலிக்கு அடிபோட்டவர்களிடம் சொன்னார். ஏற்கெனவே குனிந்து கிடப்பவனைப் பார்த்து 'இன்னும் குனி' என்றால் அது அக்கிரமம். நிமிர்ந்து நெஞ்சை நிமிர்த்தி நிற்பவனைப் பார்த்து 'கொஞ்சம் குனிந்து இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்' என்றால் அதுதான் ஞானம். நம்ம வள்ளுவர்கூட, பணிவு எல்லாருக்கும் நல்லதுதான், ஆனா செல்வம் உள்ளவனுக்குத்தான் அது இன்னொரு செல்வம்னு கணக்குப் போட்டு வச்சிருக்கார். பணிவு மேலே இருப்பவன் கட்டவேண்டிய வரி. அதைக் கீழே இருப்பவனிடம் வசூல் செய்ததுதான் நாம செய்த கோளாறு. (பலத்த கைதட்டல்)

சரி. அப்படி மேலே இருந்து கீழே இறங்கி வந்தவன் எவனாவது உண்டா? உண்டு. ரொம்ப தூரம் தேடவேண்டாம். இந்த மேடையிலிருந்து தெற்கே கடற்கரையைப் பிடித்து நடந்தால் புன்னைக்காயல் வரும், வீரபாண்டியன்பட்டினம் வரும், திருச்செந்தூர் வரும், மணப்பாடு வரும். இந்த மணலிலே ஒருத்தர் நடந்தார். 1542ஆம் ஆண்டு. பிரான்சிஸ் சேவியர். உங்களுக்கு நம்ம சவேரியார்.

ஸ்பெயின் பக்கம் நவார் நாட்டிலே ஒரு கோட்டையிலே பிறந்தவர். பாரிஸ் பல்கலைக்கழகத்திலே பட்டம் வாங்கி, அங்கேயே கல்லூரியிலே அரிஸ்டாட்டிலின் தத்துவத்தைப் பாடம் நடத்தினவர். எதிரணி ஐயா, உங்க கட்சிக்காரர்! அப்படிப்பட்ட பேராசிரியர் தமது 36ஆம் வயதிலே முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்குகிறார். இங்கே இருந்த பரதவர் சமுதாயம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னாலே, 1530களிலேயே, ஞானஸ்நானம் பெற்றிருந்தது. ஆனா வேதத்தைச் சொல்லித்தர ஆள் இல்லை. இவர் சொல்லித்தர வந்தார். வாயைத் திறந்தால் இவர் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. அவர்கள் பேசுவது இவருக்குப் புரியவில்லை. பாரிஸ் பட்டம் மணப்பாட்டு மணலிலே செல்லவில்லை!

என்ன செய்தார்? ஊருக்குத் திரும்பிப் போகவில்லை. 'இந்த ஜனங்களுக்கு அறிவு பத்தாது'ன்னு அறிக்கை எழுதவில்லை. போர்த்துக்கீசும் தமிழும் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பல நாள் பாடுபட்டு, செபங்களைத் தமிழிலே எழுதிக்கொண்டார். சின்னப் பிள்ளை வாய்ப்பாடு படிக்கிற மாதிரி மனப்பாடம் பண்ணினார். அப்புறம் கையிலே ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவா அடித்துக்கொண்டே போனார். மணிச் சத்தம் கேட்டால் முதலிலே யார் ஓடிவருவார்கள்? பிள்ளைகள்தான். ஐஸ் வண்டி மணியாக இருந்தாலும் சரி, ஆண்டவர் மணியாக இருந்தாலும் சரி, முதல் ஆள் பிள்ளைதான்! (சிரிப்பு)

அந்தப் பிள்ளைகளைத்தான் அவர் நம்பினார். 1544 சனவரியிலே கொச்சியிலிருந்து ரோமுக்கு எழுதிய கடிதத்திலே இதையெல்லாம் அவரே விவரிக்கிறார். இங்கே படித்ததை வீட்டிலே போய் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார். ஊரிலே நோயாளிகள் ஏராளம். எல்லா வீட்டுக்கும் இவராலே போகமுடியவில்லை. தமக்குப் பதிலாக, செபம் தெரிந்த சிறுவர்களை நோயாளி வீடுகளுக்கு அனுப்பினார். யோசித்துப் பாருங்கள். தலைமைக் குரு போகவேண்டிய இடத்துக்கு, தாய் தலைவாரி அனுப்பிய ஒரு பொடியன் போகிறான். அவன் நின்று வேண்டுகிறான். வீட்டிலே பாயிலே கிடக்கிற பெரியவர் கைகூப்புகிறார்.

இன்னொரு செய்தி சொல்கிறேன், இது தமிழ் படித்தவன் விட்டுவிட முடியாத செய்தி. அவர்கள் மொழிபெயர்த்து வைத்திருந்த விசுவாசப் பிரமாணத்திலே ஒரு கோளாறு. 'கடவுளை நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்திலே 'வேணும்' என்ற சொல் நுழைந்துவிட்டது. 'கடவுளை விசுவசிக்கிறேன்' என்பதற்குப் பதிலா 'கடவுள் எனக்கு வேணும்'! ஊர் ஊராக, கூட்டம் கூட்டமாக, மணியடித்து, 'வேணும் வேணும்'னு சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க. (சிரிப்பு)

பிறகு அவருக்கு விளங்கியது. விளங்கியதும் என்ன செய்தார்? நம்ம ஊரா இருந்தா, 'அச்சுப்பிழை'ன்னு ஒரு வரி போட்டு ஆளை மாட்டிவிட்டிருப்போம். அவர், மான்சிலாஸ் என்கிற தம் உதவியாளருக்குக் கடிதம் எழுதினார். 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்று பொருள், அதை மாற்றி, நம்புகிறேன் என்று பொருள்படுகிற சொல்லைப் போடு என்று விளக்கி எழுதினார். ஊர் முழுக்கத் தாமே சொல்லிக்கொடுத்ததைத் திருத்தச் சொல்லுகிறார்! பாடம் நடத்தின பேராசிரியர் சிலேட்டைத் துடைத்துவிட்டு மறுபடி எழுதுகிறார். ஐயா, தப்பாக எழுதினால் எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி எழுத வெட்கப்படாதது இந்த உலகத்திலே ஒரே ஓர் இனம்தான். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை. (கைதட்டல்)

எனக்கு அந்தப் பழைய 'வேணும்' மேலேயும் ஒரு பிரியம் உண்டு. இலக்கணப்படி தப்பு. ஆனா குழந்தை பேசக் கற்றதும் ஓயாமல் சொல்லும் சொல் அது. 'அம்மா வேணும்.' ஏன் வேணும், எதற்கு வேணும், அம்மாவின் இலக்கணம் என்ன, எதுவும் அதற்குத் தெரியாது. வேணும், அவ்வளவுதான். நம்பிக்கைக்கு வேர் அந்த இடத்திலேதானே இருக்கிறது?

இங்கே எதிரணி இளைஞர் ஒருவர் குறுக்கிட்டார். "அதே கடிதத்திலே, சிறுவர்கள் சிலைகளை உடைத்ததையும் சவேரியார் மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறாரே, அதுவும் குழந்தை உள்ளமா?" என்றார். தம்பி, உண்மை. அது அந்தக் கடிதத்திலே இருக்கிறது. மறைக்கமாட்டேன். ஒரு புனிதரைப் போற்றுவதற்காக, அடுத்தவர் கும்பிட்ட சாமி உடைந்ததையும் நான் போற்றமுடியாது. ஆனா உன்னைக் கேட்கிறேன். அந்தப் பிள்ளையின் கையிலே கல்லைக் கொடுத்தது யார்? பிள்ளையா தானாக எடுத்தது? பெரியவர்களுடைய வெறுப்பு, பிள்ளையின் கையை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. 'என் சாமி பெரிசு, உன் சாமி சிறிசு' என்பது குழந்தையின் பேச்சே கிடையாது. தெருவிலே விளையாடுகிற பிள்ளைகளைப் பாருங்க. அந்தோணியும் முருகேசனும் காதர் மைதீனும் ஒரே மிட்டாயைச் சட்டையிலே சுற்றிக் கடித்துப் பங்குபோட்டுத் தின்னும். அதுகளுக்குச் சண்டை வந்தாலும் சாயங்காலத்துக்குள்ளே தீர்ந்துபோகும். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்பவன்தான் அடுத்தவன் சாமியை உடைப்பான். 'எனக்குத் தெரியாது, கற்றுக்கொடு' என்பவன் உடைக்கமாட்டான். இந்த வழக்கிலே தோற்றது குழந்தை உள்ளம் இல்லை தம்பி. அது இல்லாமல் போனதுதான் தோல்வி. சவேரியாரானாலும் சரி, எங்கே அவர் கேட்டுக் கற்றாரோ அங்கே உயர்ந்து நிற்கிறார்; எங்கே கேட்காமல் தீர்ப்புச் சொன்னாரோ அங்கே நம்மைப் போல மனிதராக நிற்கிறார். (நீண்ட கைதட்டல்)

அதே கடிதத்திலே இன்னொன்றும் எழுதுகிறார். ஐரோப்பாவின் பல்கலைக்கழகங்களுக்கு, குறிப்பாகப் பாரிசுக்கு, பித்துப்பிடித்தவன் மாதிரி போய்ச் சத்தம் போடவேண்டும் போல இருக்கிறது என்கிறார். அன்பைவிட அறிவை அதிகமாகச் சேர்த்து வைத்திருக்கிறவர்களே, இங்கே எத்தனை உயிர்கள் காத்துக்கிடக்கின்றன என்று கத்தவேண்டும் என்கிறார். பல்கலைக்கழகத்தை வெறுத்தவர் பேச்சு இல்லை இது. அதிலேயே பாடம் நடத்தினவர் பேச்சு.

இப்போது அறிவு அணிக்கு ஒரு பரிசு தருகிறேன். சவேரியாருக்குக் கடைசிவரை தமிழ் முழுசா வசப்படவில்லை. அவருக்குப் பின்னாலே 1547இலே ஒருவர் இந்தக் கரைக்கு வந்தார். அண்ட்ரிக் அடிகளார் என்று நாம் சொல்லுகிற போர்த்துக்கீசியர், என்றீக் என்றீக்கஸ். இவரும் முதலிலே மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டுதான் பேசினார். அப்புறம் உட்கார்ந்தார், படித்தார். மீன் விற்கிறவங்க எப்படிப் பேசறாங்க, தோணிக்காரங்க எப்படிப் பேசறாங்கன்னு காதைத் தீட்டிக் கேட்டார். 'வந்தான், வருகிறான், வருவான்' எப்படி மாறுதுன்னு குறித்து, தமிழுக்கு ஓர் இலக்கணமே எழுதினார். 1578இலே கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. தமிழ் எழுத்திலே அச்சான முதல் நூல்! அடுத்த ஆண்டு, 1579இலே, கொச்சியிலே 'கிரிசித்தியானி வணக்கம்'. 1586இலே 'அடியார் வரலாறு'.

உடனே எதிரணி துள்ளும்: "பார்த்தீங்களா, இலக்கணம், அச்சு, புத்தகம். எல்லாம் அறிவு!" ஆமாம், அறிவுதான். அந்த 'கிரிசித்தியானி வணக்கம்' எதிலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது தெரியுமா? சிறுவர்களுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பதற்காகக் கேள்வி பதிலாக எழுதப்பட்ட ஒரு போர்த்துக்கீசிய நூலிலிருந்து! தமிழ் அச்சேறிய காலத்திலே முதல் வரிசையிலே வந்து உட்கார்ந்தது பிள்ளைகளுக்கான பாடப்புத்தகம் ஐயா! (கைதட்டல்) அண்ட்ரிக் அடிகளார் ஐம்பது ஆண்டுக்கும் மேலே இந்தக் கரையிலேயே இருந்து 1600இலே மறைந்தார். அவர் உடல் இந்தத் தூத்துக்குடியிலேதான் அடக்கம் செய்யப்பட்டது. இந்த மண்ணிலே மாணவனாக உட்கார்ந்தவர், இந்த மண்ணுக்குள்ளேயே போனார். அறிவு வந்தது, மறுக்கவில்லை. ஆனா அது யாருக்கு வந்தது? மீன்காரம்மாவிடம் பாடம் கேட்க வெட்கப்படாதவனுக்கு வந்தது.

இது துறைமுக ஊர். உங்களுக்கு நான் விளக்கவேண்டாம். ஏழு கடல் தாண்டி வருகிற கப்பலின் கேப்டன், துறைமுக வாசலுக்கு வந்ததும் என்ன செய்கிறார்? கம்பீரமாக உள்ளே விடுகிறாரா? நிற்கிறார். உள்ளூர் பைலட் ஒரு சின்னப் படகிலே போய் ஏறுகிறார். அவர் சொல்கிறபடி கப்பல் திரும்புகிறது. சின்ன இழுவைப் படகு ஒன்று பெரிய கப்பலை அணைத்து இழுத்து வருகிறது. ஏழு கடல் தாண்டின அறிவு பொய்யா? இல்லை. ஆனா கரை சேர்கிற கடைசி இடத்திலே, 'இங்கே எனக்குத் தெரியாது, நீ வழி சொல்லு' என்கிற பணிவு இல்லை என்றால் கப்பல் தரைதட்டும்.

முத்துக்குளிப்பும் அப்படித்தானே? 1961இலே நடந்ததுதான் இங்கே கடைசி முத்துக்குளிப்பு என்கிறார்கள்; ஆனாலும் அந்த நினைவு இந்த ஊரை விட்டுப் போகவில்லை. குளிக்கிறவன் கல்லைக் கட்டி இறங்குவான். மேலே தோணியிலே ஒருத்தன் கயிற்றைப் பிடித்திருப்பான். மைத்துனனைத்தான் கயிறு பிடிக்கச் சொல்வார்களாம், தன் தங்கை தாலி அவன் கையிலே இருக்கிறதே, விடமாட்டான்! (சிரிப்பு) கீழே போனவனுக்குக் கயிறு பிடித்தவன்மேலே நம்பிக்கை. அப்பா தூக்கிப்போட்டுப் பிடிக்கும்போது பிள்ளை சிரிக்கிறதே, அதே நம்பிக்கை. தோணியிலேயே உட்கார்ந்து கடலின் ஆழத்தைப் பற்றி ஆயிரம் பேசலாம். முத்து வேண்டுமென்றால் இறங்கவேண்டும்.

இனி எதிரணித் தலைவர் கூப்பிட்ட சாட்சிகளுக்கு வருகிறேன். அகுஸ்தினார் பெரிய சொற்பொழிவாளர், தத்துவம் கரைத்துக் குடித்தவர். ஒத்துக்கொள்கிறேன். ஆனா 386இலே மிலான் நகரத்துத் தோட்டத்திலே, மனம் உடைந்து அழுதுகொண்டிருந்தபோது அவரை வேதப்புத்தகத்தைத் திறக்கவைத்தது எது? பக்கத்து வீட்டிலிருந்து கேட்ட ஒரு குழந்தையின் குரல். அவரே எழுதி வைத்திருக்கிறார். தோமா அக்குவினார், மலை மலையாக எழுதிக் குவித்தவர். 1273 டிசம்பரிலே ஒரு நாள் பூசையிலே அவருக்கு ஏதோ ஓர் அனுபவம். பேனாவை வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டவரிடம், நான் கண்டதற்கு முன்னாலே நான் எழுதியதெல்லாம் வெறும் வைக்கோல் என்று சொன்னதாக வரலாறு. நடுவர் அவர்களே, எதிரணியின் இரண்டு சாட்சிகளும் கூண்டிலே ஏறி எங்கள் பக்கம் சாட்சி சொல்லிவிட்டார்கள்! (கைதட்டல்)

எங்கள் பக்கமும் ஒரு சாட்சி இருக்கிறாள். பிரான்சு நாட்டிலே லிசியே என்கிற ஊர்க் கன்னியர் மடத்திலே ஒரு பெண். தெரேசா. குழந்தை இயேசுவின் தெரேசா என்று அழைக்கிறோம். பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவள். பெரியவர்கள் ஏறுகிற படியிலே என்னால் ஏறமுடியாது, குழந்தையைத் தூக்குவது போல ஆண்டவர் என்னைத் தூக்கிக்கொள்ளட்டும் என்பதுதான் அவள் கண்ட சின்னஞ்சிறு வழி. 1897இலே 24 வயதிலே காசநோயிலே போய்விட்டாள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1997இலே, திருச்சபை அவளுக்கு 'மறைவல்லுநர்' என்ற பட்டம் கொடுத்தது. அகுஸ்தினாருக்கும் அக்குவினாருக்கும் கொடுத்த அதே பட்டம்! நாங்களெல்லாம் முனைவர் பட்டத்துக்கு எத்தனை வருஷம் நடையா நடந்தோம். அந்தப் பிள்ளை ஒரு குழந்தையாக இருந்தே வாங்கிவிட்டாள். (சிரிப்பு, கைதட்டல்)

இது கிறிஸ்தவத்துக்கு மட்டும் உள்ள செய்தி என்று யாரும் நினைக்கவேண்டாம். சவேரியார் நடந்த அதே கரையிலே திருச்செந்தூரிலே நிற்கிற முருகனைக் கேளுங்கள். பிரணவத்தின் பொருளைப் பிள்ளை சொல்ல, அப்பன் சிவபெருமான் கைகட்டி, வாய்பொத்திக் கேட்டார் என்பது நம் வழக்கு. தகப்பன்சாமி! பெற்றவனே பிள்ளையிடம் மாணவனாக உட்கார்ந்த நாடு இது.

நிறைவாக ஒன்று. இயேசு பிறந்த பெத்லகேமிலே ஒரு பழைய ஆலயம் இருக்கிறது. அதன் வாசல் சுமார் நாலடி உயரம்தான். குதிரையிலே ஏறிவருகிறவன் அப்படியே உள்ளே நுழைந்துவிடக்கூடாது என்று குறுக்கிக் கட்டினார்களாம். பணிவின் வாசல் என்றே அதற்குப் பெயர். அரசன் வந்தாலும் குனியவேண்டும், அறிஞன் வந்தாலும் குனியவேண்டும், முனைவர் பட்டம் வாங்கிய நான் போனாலும் குனியவேண்டும். குனியாமல் நேராக ஓடி உள்ளே போகிற ஒரே ஆள், நாலு வயதுப் பிள்ளை.

நடுவர் அவர்களே! அறிவு பெரிய வீடு. நல்ல வீடு. ஆனா அந்த வீட்டுக்கு வாசல் தாழ்வாகத்தான் இருக்கிறது. இறைஞானத்துக்கு அழைத்துப்போவது குழந்தை உள்ளமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு, இங்கே மடியிலே தூங்கிவிட்ட அத்தனை எதிர்கால ஞானிகளையும் எழுப்பிவிடாமல் மெதுவாக விடைபெறுகிறேன்.